சோழிப் பை சொன்ன பாடம்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் எங்கள் அறிவிப்புப் பலகையில் வழக்கமான அறிவிப்பு ஒன்று தோன்றும். "ஆண்டு மலருக்குக் கதை, கட்டுரை, கவிதை, துணுக்குகள் வரவேற்கப்படுகின்றன. படைப்புகள் சொந்தமாக இருத்தல் வேண்டும்." முதல் வரியைப் படித்து மகிழ்வோம். இரண்டாம் வரியை யாரும் படிப்பதில்லை. இவ்வாண்டு அந்த இரண்டாம் வரி எங்களை நிறுத்திக் கேள்வி கேட்டுவிட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம். இதில் எங்களுக்குப் பெருமை தரும் செய்தி குறைவு. ஆயினும் மறைக்காமல் எழுதுவதே முறை என்று எண்ணி எழுதுகிறோம்.

பதினொன்றாம் வகுப்பினராகிய எங்களுக்குத் தமிழ் டீச்சர் கொடுத்த தலைப்பு, "படைப்பாற்றலும் இன்றைய இளைய தலைமுறையும்." பத்து நாள் தவணை. ஒன்பது நாட்கள் பேச்சிலேயே கழிந்தன. பத்தாம் நாள் இரவு, வீட்டில் இருப்பவர்கள் அப்பாவின் கைப்பேசியையும் அண்ணனின் கைப்பேசியையும் வாங்கிக்கொண்டோம். தலைப்பைத் தட்டினோம். கண்ணிமைக்கும் நேரத்தில் கட்டுரை வந்து விழுந்தது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. எழுத்துப் பிழைகூட இல்லை! பார்த்து எழுதிக் கோடு போட்டு அழகுபடுத்தினோம். விடுதியில் இருப்பவர்கள் மறுநாள் காலை எங்களைப் பார்த்து எழுதினார்கள்.

மறுநாள் மதியம் டீச்சர் தாள்களை மேசைமேல் அடுக்கி வைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து முதல் வரியை வாசித்தார். கீழே வைத்தார். அடுத்த தாளின் முதல் வரியை வாசித்தார். அதன்பின் இன்னொன்று. மனித குலம், விலைமதிப்பற்ற கொடை, தொழில்நுட்ப யுகம் என்று ஒரே சொற்கள் கொஞ்சம் இடம் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன. ஆறாவது தாளில் எங்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டோம். பன்னிரண்டாவது தாள் வரும்போது வகுப்பில் மூச்சு விடும் ஓசைகூடக் கேட்கவில்லை.

"டீச்சர், டெஸ்ட் நிறைய இருந்துச்சு. நேரமே கிடைக்கல," என்று ஒருத்தி எழுந்து சொன்னாள்.

"நேரம் இல்லைன்னா எழுதலைன்னு சொல்லியிருக்கலாமே, கண்ணு. படைப்பாற்றலைப் பத்தி இத்தனை பேர் கொடுத்திருக்கீங்க. இதுல நீங்க எங்க இருக்கீங்க? எனக்குத் தெரியலையே!"

அதற்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

தாள்களின் அடியில் ஒரு தாள் தனியாகக் கிடந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. நான்கு இடத்தில் அடித்துத் திருத்தி, ஓரத்தில் மை சிந்தி, ஒற்றெழுத்துகள் பலவற்றைத் தின்றுவிட்ட ஒரு பக்கக் கட்டுரை. டீச்சர் அதை முழுவதும் வாசித்தார். அதை எழுதியவள் விடுதியில் எங்களோடு ஆறாம் வகுப்பிலிருந்து தங்கிப் படிக்கும் தோழி. அரூருக்கு அப்பால், மலையடிவாரத்தில் உள்ள ஒரு லம்பாடித் தாண்டாவைச் சேர்ந்தவள். அதிகம் பேசமாட்டாள். அவளுடைய கட்டுரை ஒரு பையைப் பற்றியது.

அந்தப் பையை எங்களுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் எங்களுக்கு முகம் சுருங்கியது.

ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க அவளுடைய பாட்டி விடுதிக்கு வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கட்டம் கட்டமாய்ப் பூவேலை செய்து, கண்ணாடிச் சில்லுகள் பதித்து, ஓரத்தில் சோழிகள் கோத்த பை. அதனுள் எள்ளுருண்டையும் வறுத்த கடலையும் கொண்டுவந்திருந்தார். எங்கள் எல்லாருக்கும் கொடுத்தார். நாங்கள் வாங்கித் தின்றோம். அவர் போனபின், "குறி சொல்றவங்க பை மாதிரி இருக்குடி!" என்று ஒருத்தி சொல்ல, எல்லாருமாகச் சிரித்தோம். சோழியைக் குலுக்கிக் குறி சொல்வது போல நடித்தும் காட்டினோம். அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். அதனால் அவளுக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று நினைத்துவிட்டோம்.

அன்றே அவள் அந்தப் பையைப் பெட்டியின் அடியில் பாவாடைக்குக் கீழே வைத்து மூடிவிட்டாளாம். அடுத்த முறை ஊருக்குப் போனபோது, "பாட்டி, நீ இனிமே ஹாஸ்டலுக்கு வராதே. அம்மா வந்தால் போதும்," என்று சொல்லிவிட்டாளாம். பாட்டி அதன்பின் வரவே இல்லை. ஐந்து ஆண்டுகள்! இவையெல்லாம் அவள் கட்டுரையில் இருந்தன. எங்கள் பெயர்களை மட்டும் அவள் எழுதவில்லை.

அன்று மாலை விடுதியில் அவள் பெட்டியைத் திறந்து பையை எடுத்தாள். எங்கள் தையல் சிஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். எந்தத் துணியைக் கொடுத்தாலும் சிஸ்டர் முதலில் மறுபக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார். முன்பக்கம் அழகாக இருந்தால் போதாது, மறுபக்கத்தில் முடிச்சும் நூலும் எப்படி ஓடுகின்றன என்பதில்தான் கைத்திறன் தெரியும் என்பது அவர் வாக்கு. பையை உள்வெளியாகத் திருப்பினார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் முப்பது வருஷமாத் தையல் சொல்லிக் கொடுக்கிறேன். இதுல பாதித் தையல் எனக்குத் தெரியாது. யார்கிட்டயாவது போய்க் கத்துக்கணும்," என்றார்.

அந்தப் பைக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது என்பதை அதன்பிறகே தேடிப் படித்தோம். லம்பாடி மக்களை வடக்கே பஞ்சாரா என்றும் கர்நாடகத்தில் லம்பாணி என்றும் அழைக்கிறார்கள். பொதி மாடுகளின்மேல் உப்பும் தானியமும் ஏற்றி, நாடு முழுவதும் நடந்து வணிகம் செய்தவர்கள் இவர்கள். படைகள் சென்ற இடமெல்லாம் அவற்றுக்குத் தானியம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களும் இவர்களே. தென்னிந்தியாவில் 1856 ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது. இருப்புப் பாதையும் சாலையும் நீள நீளப் பொதிமாட்டு வணிகம் நசிந்தது. 1871 ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றி, நாடோடிகளாய்த் திரிந்த பல சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. நாட்டின் பல பகுதிகளில் இம்மக்களும் அந்த முத்திரைக்குத் தப்பவில்லை. விடுதலைக்குப் பின் 1952 ஆம் ஆண்டில்தான் அந்தக் களங்கம் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது. மக்கள் மனத்திலிருந்து அது நீங்க இன்னும் எவ்வளவு காலம் ஆகுமோ! எங்கள் விடுதி வராந்தாவில் ஒலித்த சிரிப்பும் அதன் மிச்சம்தானே?

அவர்களுடைய மொழிக்கெனத் தனி எழுத்து கிடையாது. தாய் மகளுக்கு விட்டுச் சென்றவை பாட்டும் தையலுமே. பெண்கள் உடுத்தும் பாவாடையிலும் ரவிக்கையிலும் முக்காட்டிலும் பூவேலை நிறைந்திருக்கும். நம் மாவட்டத்தில் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சித்திலிங்கி என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே மலையாளிப் பழங்குடியினர் பெருவாரியாகவும், லம்பாடிகள் சில தாண்டாக்களிலும் வாழ்கிறார்கள். அந்தத் தாண்டாக்களில் இளம்பெண்கள் பூவேலைப் பாவாடையை விட்டுச் சேலைக்கு மாறினார்கள். சந்தையிலும் பேருந்திலும் பள்ளியிலும் தாங்கள் மட்டும் வேறாகத் தெரிய வேண்டாம் என்று எண்ணினார்கள். உடை போனதும் ஊசிக்கு வேலை இல்லை. ஏறக்குறைய இரண்டு தலைமுறைக் காலம் அங்கே யாரும் தைக்கவில்லை. தையல் தெரிந்த முதிய பெண்கள் ஓரிருவரே எஞ்சியிருந்தார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் 1993 ஆம் ஆண்டு டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி என்னும் மருத்துவத் தம்பதியர் பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியை ஒரு கூரைக் குடிசையில் தொடங்கினார்கள். நோய் தீர்க்க வந்த டாக்டர் லலிதா, அழிந்துகொண்டிருந்த இந்தக் கலையையும் கண்டுகொண்டார். முதிய பெண்களைத் தேடிப்பிடித்து, இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் செய்தார். இப்படி 2006 ஆம் ஆண்டு வாக்கில் உருவானதுதான் 'பொர்கை' என்னும் கைவினைப் பெண்கள் அமைப்பு. பொர்கை என்றால் லம்பாடி மொழியில் பெருமிதம் என்று பொருள். வெட்கப்பட்டு விட்ட கலைக்குப் பெருமிதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! அறுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்து, கைத்தறித் துணிகளில் பூவேலை செய்து, சொந்த ஊரிலேயே இருந்து சம்பாதிக்கும் நிலை உண்டானது. எங்கள் தோழியின் சித்தியும் அவர்களில் ஒருவர் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஐப்பசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, தையல் சிஸ்டர் தலைமையில் எங்களில் ஆறு பேர் அவள் ஊருக்குப் புறப்பட்டோம். அரூரில் பேருந்து மாறினோம். தீர்த்தமலையையும் கோட்டப்பட்டியையும் கடந்து, பச்சைப் பசேலென்ற மலைகளுக்கு நடுவே வளைந்து சென்றது பேருந்து. வழியெல்லாம் மன்னிப்புக் கேட்பதற்கு என்ன சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனோம்.

பாட்டி வாசலில் சாமை உலர்த்திக்கொண்டிருந்தார். நாங்கள் ஆறாம் வகுப்புக் கதையைச் சொல்லி, "தப்புப் பண்ணிட்டோம் பாட்டி, மன்னிச்சுக்குங்க," என்றோம். பாட்டி எங்களை ஒருமுறை பார்த்தார்.

"சின்னப் புள்ளைங்க சிரிக்கிறது ஒரு பெரிய விசயமா? அந்தப் பை இன்னும் இருக்குதா? ஓரமெல்லாம் விட்டுப் போயிருக்குமே. கொண்டா, தெச்சுத் தரேன்," என்றார்.

அப்போதுதான் எங்கள் தோழி அழுதாள். "நான்தானே உன்னை வரவேணாம்னு சொன்னேன்," என்று பாட்டியின் மடியில் முகம் புதைத்தாள்.

"நீ வராதேன்னே, நான் வரல. இப்ப வான்னு சொல்லு, வரேன்," என்று பாட்டி அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். எங்கள் ஒத்திகைப் பேச்செல்லாம் எங்கோ ஓடிப்போயிற்று.

பாட்டி கல்யாணத்துக்கு முன் தன் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பையைத் தைத்தாராம். அதன்பின் பல ஆண்டுகள் ஊசியே எடுக்கவில்லை. மகள் தைக்கப் போனபின்தான் பழைய தையல்கள் நினைவுக்கு வந்தனவாம். "மண்டைக்கு மறந்துபோச்சு. கை மறக்கல," என்றார். இப்போது அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. ஊசியில் நூல் கோப்பது நாங்கள், தைப்பது அவர் என்று வேலை நடந்தது.

எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டுத் துணி கொடுத்து ஒரு கட்டம் தைக்கச் சொன்னார். பள்ளியில் சங்கிலித் தையலும் காம்புத் தையலும் போட்டவர்கள்தானே என்ற நினைப்பில் உட்கார்ந்தோம். முதல் வரிசை கோணிக்கொண்டது. பிரித்தோம். இரண்டாம் முறை துணி சுருங்கியது. பிரித்தோம். மூன்றாம் முறை ஒருத்தி விரலில் குத்திக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்குள் எங்களில் சிறந்தவள் தைத்து முடித்தது ஒரு விரல்கடை அகலம்! வரிசை கோணல்தான். ஆனாலும் அதைத் தூக்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. முழுக் கட்டுரையைப் பார்த்து எழுதிக் கொடுத்தபோது எங்களுக்குக் கிடைக்காத மகிழ்ச்சி, கோணலான அந்த விரல்கடைத் தையலில் அவளுக்குக் கிடைத்தது. இது ஏன் என்று திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம்.

பிரித்துப் பிரித்துத் தைத்ததுதான் காரணம் என்று எங்களுக்குப் படுகிறது. தவறு செய்து, அதைக் கண்டு, வெட்கப்பட்டு, மறுபடி தொடங்கும்போதுதான் ஒரு வேலை நம்முடையதாகிறது. 2022 ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவு பொதுமக்களின் கைக்கு வந்தது. அதன்பின் அதைப் போன்ற பல வந்துவிட்டன. அவை கேட்டதையெல்லாம் எழுதுகின்றன, வரைகின்றன, பாடுகின்றன. அவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. இணையம் இருப்பதால்தான் சித்திலிங்கியில் தைத்த துணியைத் தொலைவூரில் இருப்பவர் பார்த்து வாங்க முடிகிறது. தோழியின் சித்தியும் தைத்து முடித்ததைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவதைப் பார்த்தோம். கருவி கெட்டதன்று. சொல்வதற்கென்று நம்மிடம் ஒன்றும் இல்லாதபோது கருவியைப் பேசவிட்டு நாம் ஒளிந்துகொள்கிறோமே, அதுதான் கேடு. எங்கள் தோழி அதே தலைப்பில் கட்டுரை எழுதினாள். அவளிடம் சொல்ல ஒரு பை இருந்தது. எங்களிடமும் ஏதாவது இருந்திருக்கும். தேடிப் பார்க்கத்தான் நேரமில்லை என்றோம்.

ஆனால் குற்றம் முழுவதும் எங்களுடையது என்று சொல்லிவிட்டால் அதுவும் உண்மையாகாது. இன்றைய மாணவியின் நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் தனி வகுப்பு, மாலையில் தனி வகுப்பு, இரவில் தேர்வுக்குப் படிப்பு. ஓவியப் போட்டியில் பரிசு வாங்கி வந்தால், "இது மார்க்குல சேருமா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. எங்களோடு ஒன்பதாம் வகுப்பு வரை படித்த ஒருத்தி, பார்த்த முகத்தை அப்படியே பென்சிலால் வரைந்துவிடுவாள். கோடை விடுமுறைக்குப் பின் அவள் வரவில்லை. நூற்பாலைக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம். பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிறையுமுன் மணம் முடிப்பதை 2006 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் நம் மாவட்டத்தில் அந்தப் பேச்சு இன்னும் பல வீடுகளில் ஓய்ந்தபாடில்லை. நாளை எங்கே இருப்போம் என்று தெரியாத பெண், ஒரு பாவாடைக்குப் பூவேலை செய்ய எப்படி மாதக்கணக்கில் உட்காருவாள்? படைப்புக்கு முதலில் வேண்டுவது நிலைத்திருக்கும் ஓர் இடம். எங்களைப் பள்ளியில் நிலைத்திருக்கச் செய்வதே பெற்றோர் எங்கள் கலைக்குச் செய்யும் முதல் உதவி.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஒன்று உண்டு. அதுதான் வெட்கம். நம் ஊர்ப் பேச்சு, நம் பாட்டியின் பாட்டு, நம் வீட்டுச் சாமைச் சோறு, தாத்தா ஆடிய தெருக்கூத்து இவற்றைப் பிறர் முன் மறைத்துக்கொள்ளும் வெட்கம். சித்திலிங்கியில் பூவேலை நின்றதற்குத் துணியோ நூலோ கிடைக்காமற் போனது காரணமன்று. பிறர் பார்வைக்கு அஞ்சித்தான் அந்தப் பெண்கள் அதை விட்டார்கள். இதே பூவேலை இன்று உலகத்தின் முன் நிற்கிறது. 2023 ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹம்பியில் ஜி20 நாடுகளின் பிரதிநிதிகள் கூடியபோது, கர்நாடகத்தின் சண்டூர் பகுதி லம்பாணிப் பெண்கள் 450 பேருக்கு மேல் உழைத்துச் செய்த 1,755 பூவேலைப் பொருள்கள் ஒரே இடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டு, கின்னஸ் சாதனையாகப் பதிவாயின. உலகத் தலைநகரங்களிலிருந்து வந்தவர்கள் நின்று பார்த்து வியந்த அதே வகைத் தையலைத்தான் நாங்கள் எள்ளுருண்டை தின்ற வாயால் கேலி செய்தோம்!

பெற்றோரே, நாங்கள் பள்ளி விட்டு வரும்போது எத்தனை மதிப்பெண் என்று கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. "இன்னைக்கு நீயா என்ன செஞ்சே?" என்றும் ஒருமுறை கேளுங்கள். கோணலாக இருந்தாலும் வாங்கிப் பாருங்கள். டாக்டர் லலிதா ரெஜியைப் போலக் கேட்பதற்கு ஓர் ஆள் வந்ததும், அழிந்தது என்று நினைத்த கலை துளிர்த்ததல்லவா? சிஸ்டர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. எங்கள் கட்டுரைகளையும் தையல் துணியைப் போல மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். முடிச்சு இருந்தால் மன்னியுங்கள். முடிச்சே இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்!

தோழியரே, நமக்குள் ஓர் உறுதி எடுத்துக்கொள்வோம். பிறர் படைப்பைப் பார்த்துச் சிரிக்குமுன் அதைத் தொட்டுப் பார்ப்போம். எழுதத் தொடங்குமுன் வீட்டில் உள்ள முதியவர் ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசுவோம். பிழையோடு எழுதினாலும் நம் கையால் எழுதுவோம்.

நாங்கள் அனைவரும் கட்டுரைகளைத் திருப்பி வாங்கி மறுபடி எழுதினோம். ஒருத்தி தன் தாத்தாவின் கூத்து ஒப்பனைப் பெட்டியைப் பற்றி எழுதினாள். இன்னொருத்தி புளி உடைக்கும் அம்மாவின் விரல்களைப் பற்றி எழுதினாள். சிலருக்கு இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறார்கள். பல கட்டுரைகள் சுமார்தான் என்று டீச்சரே சொன்னார். ஆனால் முதல் வரி எதுவும் ஒன்றுபோல் இல்லை.

பள்ளி ஆண்டு விழாக் கண்காட்சியில் சோழிப் பை முதல் மேசையில் இருக்கும். விட்டுப்போன ஓரத்தைப் பாட்டி தைத்துக் கொடுத்துவிட்டார். பழைய நூலும் புது நூலும் நிறத்தில் ஒட்டவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். கண்காட்சியைத் திறந்து வைக்க யாரை அழைக்கலாம் என்று தலைமையாசிரியை சிஸ்டர் கேட்டபோது, வகுப்பே ஒரே குரலில் ஒரு பெயரைச் சொன்னது. எங்கள் தோழி தன் கையால் அழைப்பிதழ் எழுதி, "வா பாட்டி" என்று முதல் வரியில் போட்டு அனுப்பியிருக்கிறாள். வருவதாகப் பாட்டி சொல்லி அனுப்பியிருக்கிறார். எள்ளுருண்டையோடு!

— பதினொன்றாம் வகுப்பு மாணவியர்